முழுகிக்கொண்டே இருந்தவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு பெண் கர்ப்பமானால் ‘முழுகாம இருக்கா’ என்றுதான் சொல்வார்கள். மாதத்தீட்டு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டியவளுக்குத் தீட்டே வரவில்லை, அதனால் முழுகவில்லை என்று அதற்கு அர்த்தம். நேராகச் சொல்ல வாய் கூசியவர்களின் பேச்சு அது. இந்த விளக்கம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கும் தெரியாது, என் அக்காவுக்கும் தெரியாது.

கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. அம்மா பிரசவத்தில் இறந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். லயத்தில் குடும்பத்துக்கு ஒரே அறை, ஒரு காம்பராதான். எங்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே கேட்ட சத்தம் ஓய்ந்த பிறகு அம்மாவையும் பிறந்த தம்பியையும் ஒரே துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேட்டோம். “பொம்பளப் புள்ளைங்க அதெல்லாம் கேக்கக் கூடாது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லத் தெரியாதவர்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்த அத்தை மகன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அப்புத்தளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலேயே கங்காணி அவருக்கும் பேர் பதிந்து, எங்களுக்கு அடுத்த காம்பராவைக் கொடுத்தார். மச்சான் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். ஆனால் அவர் வேலை முடிந்து வரும் நேரமானால் அக்கா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள். இரண்டு வயது இளையவளான நான் அதைச் சொல்லிச் சொல்லியே அவள் உயிரை வாங்குவேன்.

அவளுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. பயமெல்லாம் பிள்ளையைப் பற்றித்தான். பிள்ளை உண்டானால் அம்மாவைப் போலத் தானும் போய்விடுவோம் என்று நிச்சயமாக நம்பினாள். கொஞ்ச நாளைக்காவது அது வேண்டாம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவள் கேள்வி. கேட்கக் கூடாத கேள்வியா அது?

கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றபோது, ஏழு பெற்ற ஒரு பெரியம்மாவிடம் காதோடு காதாகக் கேட்டாள். பெரியம்மா அதை மலைக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னாள்.

“அடியே, இந்தக் கூத்தக் கேளுங்கடி! புதுப் பொண்ணுக்குப் புள்ள வேணாமாம்! முழுகாம இருந்தாத்தானேடி புள்ள? நீ நல்லா முழுகிக்கிட்டே இரு, ஒண்ணும் வராது!”

அத்தனை பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அவர்கள் கேலியாகச் சொன்னதை அவள் வைத்தியமாக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முழுகாதவளுக்குப் பிள்ளை என்றால், முழுகுகிறவளுக்கு இல்லை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மறுநாளிலிருந்து, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே எழுந்து பீலிக்கரைக்குப் போய்விடுவாள். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை மூங்கில் பீலியில் விழ விட்டிருப்பார்கள். அப்புத்தளைக் குளிரில் அந்தத் தண்ணீரில் கை வைத்தாலே விரல் மரத்துப்போகும். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு குளிப்பார்கள். இவள் நாள்தோறும் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலின் மேல் கம்பளியைப் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் கொழுந்தெடுக்கப் போவாள். ஒரு நாள் விட்டாலும் பிள்ளை தங்கிவிடுமோ என்று பயம்.

“என்னடி, முழுகியாச்சா?” என்று தேயிலை நிரையில் நின்று கேட்பார்கள்.

“ஆச்சு பெரியம்மா” என்பாள், மருந்து குடித்தவள் சொல்வது போல.

அவர்கள் மறுபடியும் சிரிப்பார்கள். அவளும் தங்களோடு சேர்ந்து விளையாடுகிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ. கேள்வி கேட்டவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இப்போது பெண்பிள்ளைகள் என்னிடம் வந்து எதையாவது கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டால், முதலில் அந்தத் தலையை நிமிரச் சொல்வேன். பிறகுதான் பதில். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாவிட்டால் தெரியாது என்பேன்.

மச்சானின் முகம் வாடிப்போனதை நான் கவனித்தேன். காரணம் அப்போது புரியவில்லை. அவர் கவ்வாத்துக்காரர்களில் வயதான ஒருவரிடம், விடிந்ததும் விடியாததுமாக இவள் ஏன் போய் முழுகுகிறாள் என்று கேட்டிருக்கிறார். அங்கேயும் சிரிப்புத்தான். “ஒன்னத் தொட்டா அவளுக்குத் தீட்டுப் போலடா!” என்றார்களாம். அதற்குப் பிறகு அவர் காம்பராவுக்குள் படுப்பதை விட்டுவிட்டார். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்துச் சுருண்டுகொண்டார். அக்கா தனியாக அழுதாள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவரைக் கேட்க அவளுக்கு வெட்கம், அவளைக் கேட்க அவருக்கு வெட்கம். அழுதுகொண்டே போய் முழுகினாள்.

மழைக் காலம் முடிவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. பிறகு காய்ச்சல், பிறகு நெஞ்சுக்குத்து. தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த கசப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. எழுந்து உட்காரவே முடியாத நிலையிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்கு முழுகல புள்ள. ஒரு செம்பு தண்ணியாச்சும் தலையில ஊத்து” என்று கெஞ்சினாள். வாசலில் நின்ற மச்சான் அதைக் கேட்டார். கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

அன்று காலையில் அப்பா மருத்துவச்சியைக் கூட்டி வந்தார். லயத்தில் அவளோடு சண்டை போடாதவர்கள் குறைவு, அப்படிப்பட்ட வாய். அக்கா ‘முழுகணும், முழுகணும்’ என்று புலம்புவதைக் கேட்டுவிட்டு என்னிடம் விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, தரையில் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“ஒனக்கு என்ன தெரியணும் தாயி? கேளு, சொல்றேன்.”

அக்கா மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள். மருத்துவச்சி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தீட்டு ஏன் வருகிறது, ஏன் நிற்கிறது, பிள்ளை எங்கே தங்குகிறது, எப்படி வெளியே வருகிறது, எல்லாவற்றையும் சோறு வடிக்கச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னாள். முழுகுவதற்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாள். பெற்றவர்கள் எல்லோரும் செத்துப்போவதில்லை என்றும் சொன்னாள். “புள்ள வராம இருக்க உறுதியான வழி எனக்கும் தெரியாது தாயி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒன் பயத்த மொதல்ல ஒன் புருஷன்கிட்ட சொல்லு. ரெண்டு பேரும் பேசுங்க.”

அக்கா மருத்துவச்சியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“இதுல சிரிக்க என்னங்க இருக்கு?” என்றாள்.

மருத்துவச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவர எனக்கு ரொம்பப் புடிக்கும். வந்ததும் சொல்றேன்” என்றாள் அக்கா. மச்சான் மலையிலிருந்து இறங்குவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு பகல் வேளையில் மச்சான் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நான் தொட்டது அவளுக்கு அவ்வளவு அருவருப்பாவா புள்ள இருந்துச்சு?”

கல்யாணம் ஆகாத பெண் அக்கா புருஷனிடம் பேசுகிற பேச்சா என்று லயமே காறித் துப்பியிருக்கும். துப்பினால் துப்பட்டும். உட்காருங்க மச்சான் என்று சொல்லி, பெரியம்மா சொன்னதிலிருந்து மருத்துவச்சி சொன்னது வரை ஒன்றையும் மறைக்காமல், மென்று விழுங்காமல் சொன்னேன். அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப அவளுக்கு என்னைப் புடிச்சிருந்துச்சா?”

“ரொம்பப் புடிக்கும்னு சொன்னா மச்சான். அவ வாயாலயே சொன்னா.”

உடம்பு குலுங்க அழுதார். நானும் அழுதேன்.

“என்கிட்டயாச்சும் கேட்டிருக்கலாமே” என்றார். பிறகு அவரே தலையை ஆட்டினார். “கேட்டிருந்தா மட்டும்? எனக்கும் ஒண்ணும் தெரியாதே புள்ள.”