தரையில் விழுந்த பகடை

ஞாயிறு மதியங்களில், மலேசியாவின் பாசிர் கூடாங்கில் உள்ள என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓர் அரக்கர் உலகம் விரியும். அது ஒரு கதை விளையாட்டு; நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நடிப்பார்கள். கதையை நடத்துவது நான். அவர்கள் நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்: எண் பெரிதானால் வெற்றி, ஒன்று விழுந்தால் படுதோல்வி. அதை அப்படியே ஏற்பதா, கொஞ்சம் வளைத்துக்கொடுப்பதா என்பது என் கையில்.

நான் வளைக்கிற ஆள். ஒருநாள் என் மனைவி போட்ட பகடை மேசைக்கடியில் ஓடிவிட்டது. இரசாயன ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நண்பர் குனிந்து பார்த்து, "பதினெட்டு லா! அக்கா தப்பிச்சாங்க!" என்றார். அவர் வார்த்தையே போதும் என்று ஏற்றுக்கொண்டேன்.

என் மைத்துனன் சிரித்தான். "மச்சான் ஆட்டத்துல யாருமே சாக மாட்டாங்க லா. எமனுக்கே லீவு."

அந்தக் கேலி சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரமே சட்டம் பேசினேன். மேசையை விட்டு விழும் பகடை செல்லாது, திரும்பப் போட வேண்டும், சாவு வந்தால் சாவுதான்.

அன்றைய கதையில், ஒரு பாலத்தில் ஓர் அரக்கன் வழிமறித்தான். எல்லாரும் வாளை உருவ, ஆலை நண்பர் தன் வைத்தியப் பெண்ணை முன்னே அனுப்பினார். இரண்டு வருடமாக அவர் வளர்த்த பாத்திரம். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அவள் கதையை நோட்டில் எழுதுவார்.

"அரக்கனுக்குக் கால்ல புண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணே. மருந்து போடுறேன்."

அருமையான யோசனை. எனக்கோ எரிச்சல் வந்தது. அந்தச் சண்டைக்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். தவறினால் அவள் உயிர் போகும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போட்டார். பகடை துள்ளி என் காலடியில் விழுந்தது.

குனிந்தேன். இருபது.

"என்ன நம்பர் அண்ணே?"

"பாக்கல," என்றேன், பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு. "விழுந்தா செல்லாது. திரும்பப் போடுங்க."

போட்டார். ஒன்று. அவள் செத்தாள்.

"சரி லா, ரூல் ரூல்தான்," என்று நோட்டை மூடினார். மைத்துனன்கூடச் சிரிக்கவில்லை.

கறாராக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வாயில்லை. கறாரான ஆள் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டுச் செல்லாது என்றிருப்பான். நான் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு பொய் சொன்னேன். வெட்கக்கேடு.

அடுத்த ஞாயிறு அவர் வராமலிருந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். வந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காத கண்கள், கையில் ஒரு புதுப் பாத்திரத்தின் தாள். பையிலிருந்து பெரிய பிஸ்கட் டின் மூடி ஒன்றை எடுத்து மேசை நடுவில் வைத்தார். உள்ளே தன் பழைய வேலைச் சட்டைத் துணியை வெட்டி ஒட்டியிருந்தார்.

"இதுக்குள்ள போட்டா கீழ விழாது அண்ணே. நீங்களும் சும்மா சும்மா குனிய வேணாம்."

ஒரு வருடமாக அதில்தான் போடுகிறோம். அந்த இருபதைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.