மான் வாலும் சவுரியும்

எனக்கு மீன் தின்பதில் அவ்வளவு ஆசை கிடையாது. மீனை ஏமாற்றுவதில்தான் ஆசை. ரங்கூனில், பசுண்டாங் ஓடைக்கரை அரிசி ஆலை ஒன்றில் நான் பிட்டராக இருந்தேன். அங்கிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் சீமைக்குத் திரும்பும்போது குப்பையில் போட்டுவிட்டுப் போன சாமான்களில் ஒரு பொய்யிரை கிடந்தது. கம்பியில் சுழலும் ஒரு பித்தளைத் தகடு, அதற்குக் கீழே மூன்று கொக்கி சேர்ந்த முள், முள்ளை மறைத்துக்கொண்டு ஒரு கொத்து மான்வால் முடி. முள் துருப்பிடித்து, முடி பாதி உதிர்ந்திருந்தது. கண்டதையும் பொறுக்கிக்கொண்டு வருபவன் என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே நல்ல பெயர். அதையும் மடியில் முடிந்துகொண்டு வந்தேன்.

பிரித்துப் பார்த்து, ஒரே வாரத்தில் நானே செய்ய ஆரம்பித்துவிட்டேன். தகட்டுக்கு ஓட்டை விழுந்த பித்தளை விளக்கு இருந்தது. முடிக்காகக் கெமண்டைன் சந்தையில் மான் இறைச்சி விற்கும் பர்மாக்காரியிடம் வாலை மட்டும் கேட்டு வாங்குவேன். இந்த ஆள் கறியை விட்டுவிட்டு வாலைக் கேட்கிறானே என்று அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். முடியின் வேர்ப்பக்கமெல்லாம் ஒன்றாக இருக்கும்படி தட்டிச் சேர்த்து, முள்ளின் தண்டைச் சுற்றி நூலால் இறுக்க வேண்டும். நாலு இழை தலைகீழாகப் போனாலும் எல்லாம் சிக்கிக்கொள்ளும். கட்டின்மேல், அங்கே மரக்கிண்ணங்களுக்குப் பூசுகிற கறுப்பு அரக்கை ஒரு துளி தடவினால் அப்புறம் அசையாது. மான் முடி உள்ளே குழல்போலப் பொள்ளலானது. தண்ணீரில் ஒட்டிக்கொள்ளாமல், இழுக்க இழுக்க ஒடுங்கி விரியும். வாளை அதைக் குஞ்சு மீன் என்று நம்பிக் கோடாரியால் பிளந்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு வரும்.

ஆலையில் கூட வேலை பார்த்த பர்மாக்காரர் ஒருவரிடம் சம்பான் படகு இருந்தது. என்னைவிட மூத்தவர், பர்மாப் பாஷையில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் 'அக்கோ' என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துடுப்புப் போட, நான் பின்னால் கயிற்றை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் என் மனைவிக்கு விஷஜுரம் வந்தது. நாற்பது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்து பிழைத்தாள். பிழைத்ததே போதும் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஜுரம் விட்ட பிறகு அவள் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இடுப்புக்குக் கீழே இறங்கிய முடி, பிடரியில் ஒரு சிறு கொண்டைக்குக்கூடப் போதாமல் போயிற்று. விடிவதற்கு முன்பே குழாயடிக்குப் போய்வந்தாள். முந்தானை தலையை விட்டு இறங்கவே இல்லை. கெமண்டைனில் இருந்த அவள் தங்கை, மகளுக்குக் காதுகுத்து என்று நேரில் வந்து அழைத்தபோது, உடம்பு எப்படி இருக்கிறதோ பார்க்கலாம் என்றாள். உடம்புதான் காரணம் என்று நானும் நம்பினேன்.

மழை பிடித்துக்கொண்டதும் சந்தைக்கு மான் வருவது நின்றது. கை அரித்தது. அப்போதுதான் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். உள்ளே நீளநீளமாகக் கறுப்பு முடி, சுருள் சுருளாக இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் சீப்பில் வரும் முடியை விரலில் சுற்றி, துப்பி, தூர எறிவார்கள். எழுந்து போய் எறியத் தெம்பில்லாமல் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். அவள் அடுப்படியில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்று பொய்யிரை கட்டினேன். அக்கோ அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீரில் போட்டால் நனைந்த பூனைவால்தான் என்று சிரித்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. மனித முடிக்கு விரிவு கிடையாது. தண்ணீர் பட்டதும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மீன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு ஒன்று அடியில் கிடந்த மரத்தில் மாட்டிக் கயிறு அறுந்து போயிற்று. மீதி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் காயப்போட்டேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு டின்னைத் திறந்து பார்த்தாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஒவ்வொரு இழையா பொறுக்கி வச்சேங்க. சவுரி கட்டி வச்சுக்கிட்டுக் காதுகுத்துக்குப் போகலாம்னு இருந்தேன்” என்றாள். டின்னை மடியில் வைத்துக்கொண்டு, “இந்தத் தலையோட பந்தல்ல நின்னா, நீங்க இருக்கிறப்பவே என்னை மூளின்னு பார்ப்பாங்க. ஆரத்தித் தட்டை என் கையில யாரு குடுப்பா?” என்றாள்.

எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவளுக்குத்தான் தலை அப்படி இருக்கும். இத்தனை நாளும் அவள் முந்தானைக்குள் வைத்திருந்தது அந்தப் பயத்தை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு பொய்யிரையையும் பிரித்தேன். அரக்கு பிடித்த இடத்தை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. டின்னில் மிச்சமிருந்ததையும் சேர்த்துச் சீயக்காய் போட்டு அலசினேன். எல்லாம் சேர்த்தும் எலிவால் கனம்தான். கடைத்தெருவில் சவுரி விற்கிறார்கள், வாங்கி வருகிறேன் என்றேன். யார் தலையில் இருந்ததோ, உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ, அது எனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். காதுகுத்துக்கு நாலு நாள் இருந்தது.

எனக்கு அப்போது குடுமி உண்டு. மிஷினில் மாட்டும், வெட்டு என்று மேஸ்திரி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் எல்லாரும் கிராப்புக்கு மாறியபோதும் நான் மட்டும் அடம்பிடித்து, அதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். மறுநாள் வேலை விட்டதும் நேரே நாவிதரிடம் போனேன். அடியில் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டுக்கும் தலைக்கும் நடுவே வெட்டச் சொன்னேன். வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் என் தலையைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். மடியிலிருந்து குடுமியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேர்ப்பக்கம் ஒன்றாக அவள் தட்டித் தட்டிக் கொடுக்க, நான் நூலில் கற்றை கற்றையாகக் கட்டிக்கொண்டே போனேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. உச்சிக்கட்டில் ஒரு துளி அரக்கு வைத்தேன்.

காதுகுத்து வீட்டில் என் மொட்டைக் கழுத்தைப் பார்த்து ஆளுக்கு ஆள் கேலி செய்தார்கள். எதுவும் என் காதில் ஏறவில்லை. தங்கை என் மனைவியின் கொண்டையில் மல்லிகைச் சரத்தை வைத்து அழுத்தினாள். சவுரி கழன்றுவிடுமோ என்று பயந்தேன். அப்புறம் ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுத்தார்கள். குழந்தைக்கு முன்னால் அவள் குனிந்து, தட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள். பெரிய வாளைகள் உதறியும் அவிழாத முடிச்சுத்தான். ஆனாலும் அவள் நிமிர்கிற வரை நான் கண் இமைக்கவில்லை. கொண்டை அசையவில்லை. முந்தானை தோளில் இருந்தது.

திரும்பும்போது டிராமில் அவள் இரண்டு மூன்று தடவை பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இழுக்கிறதா, கழற்றிவிடுகிறாயா என்று கேட்டேன்.

“கனமாத்தான் இருக்கு. உங்க முடிதான் கனம்” என்றாள். “இருக்கட்டும். நீங்க இருக்கீங்கன்னு தெரியுதில்ல.”