வழுக்கி விழுந்தவர்கள்

தேனாம்பேட்டையில் ஒரு செய்தித் தொலைக்காட்சி. திரைக்கு அடியில் ஓடும் வரிகளை எழுதுவது என் வேலை. எழுதுவது என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், பாதி வரிகள் ஏற்கெனவே கணினியில் இருக்கும். தப்பியோட முயன்ற இன்னார் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்பது அதில் ஒன்று. பெயரை மட்டும் நிரப்ப வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகிறவர்கள் மட்டும் ஏன் இப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. டீ குடிக்கும்போது சிரித்திருக்கிறோம்.

மாவுக்கட்டு போட்ட கையோடு ஒருவன் படம் வந்தால் அன்று மாலை விவாதம் நிச்சயம். வழக்கறிஞர் சட்டத்தைச் சொல்வார். ஓய்வுபெற்ற அதிகாரி, “சங்கிலி அறுக்கறவனுக்கு மாலை போடணுமா?” என்பார். நேயர்கள் அதிகாரி பக்கம். நான் வழக்கறிஞர் பக்கம் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே ஒரு அம்மாளின் சங்கிலி போனபோது, நாலு போட்டால் உண்மை வரும் என்று சொன்னதும் நான்தான்.

மூன்றாம் நாள் ஆள் பிடிபட்டதாகத் தகவல் வந்தது. வழுக்கி விழுந்த வரியில் பெயரை நிரப்பி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவர். பத்து வருடமாக என் சட்டையைத் தேய்க்கிறவரின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு வாரத்தில் வேறொருவன் அந்தச் சங்கிலியோடு சிக்கினான். இவரை விட்டுவிட்டார்கள். அதற்கு எங்களிடம் தயாராக வரி எதுவும் இல்லை. நானும் எழுதவில்லை.

மறுநாளே தெருமுனையில் இஸ்திரி வண்டியைப் போட்டுவிட்டார். துணியோடு போனேன். வலது கையில் கட்டு. கரிப்பெட்டியை இடது கையால் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

“டிவில கீய ஓட்ற லைன் நீதான சார் எய்தறது?”

“ஆமாம்.”

“கை இன்னா, ஆறிக்கும் சார். அந்த லைன்ல எம்பேர மட்டும் எட்த்துடு. இஸ்கூல்ல பசங்க அத்த காட்டி எம் பொண்ண கலாய்க்கிறானுங்களாம். போவ மாட்டேன்னு அய்துக்கினு கீது.”

எடுத்துவிடுகிறேன் என்றேன். பிள்ளைகளின் கைபேசியில் இருப்பதை நான் எப்படி எடுப்பது? என் கையில் இருந்தது அந்த வரி ஒன்றுதான். அலுவலகம் போனதும் அதைத் திறந்தேன். அவர் பெயரை யாரோ ஏற்கெனவே அழித்திருந்தார்கள்.

அந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. சங்கிலியோடு சிக்கியவனும் வழுக்கி விழுந்திருந்தான்.