பக்கிள் இல்லாத வார்

ஐயா பாரிசவாதம் வந்து கிணத்தடியிலை விழுந்த அண்டைக்கு எங்கடை வீட்டிலை மூண்டு சாமான் பழுதாய்ப் போச்சு. அவரின்ரை இடக்கை முழுசாய்ப் போச்சு. இடக்கால் பாதி போச்சு. கையிலை கட்டியிருந்த மணிக்கூட்டின்ரை வார் அறுந்து, வாரைப் பூட்டிற பக்கிளோடை சேர்ந்த துண்டு கிணத்துக்குள்ளை போச்சு. ஆசுப்பத்திரியிலை வாய் திரும்பிக் கதைக்கத் தொடங்கினவுடனை அவர் விசாரிச்சது பக்கிளைப் பற்றித்தான்.

அது லேசுப்பட்ட மணிக்கூடு இல்லை. ஐயா கொழும்பிலை ஒரு தேயிலைக் கொம்பனியிலை கிளாக்கராய் இருந்தவர். வெள்ளைக்காரத் துரை கப்பலேறேக்கை தன்ரை கையிலை கிடந்ததைக் கழட்டி இவரின்ரை கையிலை கட்டிவிட்டுப் போனாராம். சுவிசிலை செய்த பவுண் மணிக்கூடு. வார் முதலைத் தோல், பக்கிளும் பவுண். தோலைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள்ளை போகலாமோ எண்டு ஆரும் கேட்டால், "மாட்டைப் பற்றித்தான் சாத்திரத்திலை கிடக்கு, முதலையைப் பற்றி ஒண்டும் இல்லை" எண்டுவார். ஒருத்தரும் போய்ப் பார்த்துவந்து மறுத்ததில்லை.

அது சண்டையாலை அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி வர விடாமல் தடை போட்டிருந்த காலம். இணுவிலிலை எங்கடை ஒழுங்கையிலை இருந்த பற்றறி மணிக்கூடெல்லாம் ஒவ்வொண்டாய் நிண்டு போக, சாவி குடுக்கிற இது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போற வாற சனம் வேலிக்கு மேலாலை நேரம் கேட்கும். பென்சன் எடுத்த மனிசனுக்கு அது ஒரு உத்தியோகம் மாதிரி.

டொக்டர் சொல்லிவிட்டது ஒண்டுதான். நடக்க வேணும். வெளியிலை இறங்கி நல்லா நடக்க வேணும், இல்லாட்டில் கையைப் போலை காலும் போகும். ஐயா பொல்லை ஊண்டி விறாந்தை மட்டும் வருவார், வாசல் படலையைத் தாண்டமாட்டார்.

"வெறுங்கையோடை எப்பிடி இறங்கிறது? வார் வரட்டும்."

வார் வரட்டும், வார் வரட்டும் எண்டு சொல்லிச் சொல்லியே கால் விறைச்சுக்கொண்டு வந்தது. அம்மா என்னைப் பிடிச்சு அழத் தொடங்கினா. "பிள்ளை, எங்கையெண்டாலும் ஒரு வாரைத் தேடிப் பிடி. இல்லாட்டில் இந்த மனிசன் படுக்கையிலை விழுந்துபோம்." எனக்கும் பயம்தான். ஆனால் நான் பயந்தால் கோவம்தான் வரும், அழுகை வராது. அது எனக்கு ஐயா தந்த சீதனம்.

நான் அப்ப யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை படிப்பிச்சுக்கொண்டிருந்தன். சந்தைக்குப் பக்கத்திலை மணிக்கூடு திருத்திற கடை ஒண்டு. திருத்த மணிக்கூடு குறைஞ்சுபோனதாலை, கண்ணாடி அலுமாரிக்குள்ளை பாதி சவர்க்காரக் கட்டி. மணிக்கூட்டைக் கைலேஞ்சியிலை சுத்திக்கொண்டு போய்க் காட்டினன். கடைக்கார அண்ணை இரண்டு வார் எடுத்து வைச்சார். ஒண்டு பச்சை நைலோன். அவர் என்னைப் பார்த்தார், நான் றோட்டைப் பார்த்தன். ஆமிக்காரன் கட்டிற நிறத்தைக் கையிலை கட்டிக்கொண்டு அந்த நாளையிலை ஆர் திரிவான்? அவர் அதைத் திருப்பிச் சவர்க்காரத்துக்குக் கீழை வைச்சார். மற்றது கறுப்புத் தோல்.

"மாட்டுத் தோலோ, அண்ணை?"

"சீச்சீ, ஆடு, ரீச்சர். சுத்தமான ஆடு."

அதைப் பூட்டுவிச்சுக்கொண்டு வந்து குடுத்தன். ஐயா வாங்கிக்கொண்டு அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினார். நான் தேத்தண்ணி போட்டுக் குடிச்சு, பேணியும் கழுவி வைச்சிட்டன். அதுக்குப் பிறகுதான் கதவு திறந்தது.

"முரடு," எண்டு மேசையிலை வைச்சார்.

அம்மா தன்ரை மூளையைப் பாவிச்சா. முனிவர்மார் இருந்து தவம் செய்யிற மான் தோலைவிடச் சுத்தமான தோல் உலகத்திலை இருக்கோ? சாமியறையிலை தன்ரை தகப்பன்ரை காலத்து மான் தோல் ஒண்டு கிடந்தது. அதிலை ஒரு ஓரத்தை வெட்டி, தைப்பிச்சு, என்ரை பழைய பள்ளிக்கூடச் சப்பாத்திலை இருந்து பக்கிளைக் கழட்டிப் பூட்டினா. துரையின்ரை மணிக்கூடு காட்டுக்குள்ளை வழி தவறின மாதிரி இருந்தது. ஐயா அதையும் மறுக்கேல்லை. அறைக்குள்ளை போனார், கதவைச் சாத்தினார், கனநேரம் இருந்தார்.

"மயிர் கொட்டுது," எண்டார்.

அது உண்மை. அம்மாவும் ஒத்துக்கொண்டா.

மூண்டாவதுக்கு நான் சாவகச்சேரி மட்டும் போனன். அங்கை ஒரு கடையிலை கொழும்புச் சாமான் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்குதெண்டு கேள்வி. போகப் பாதி நாள், வரப் பாதி நாள், தூசியாலை என்ரை சீலைக்கு இன்ன நிறமெண்டு சொல்லேலாது. ஆனால் கிடைச்சது அருமையான வார். மண்ணிறம், மெல்லிசு, பவுண் பூச்சுப் பக்கிள். பூட்டிப் பார்க்க எனக்கே கட்டிக்கொள்ள ஆசை வந்தது. இதுக்கு என்ன நொட்டை சொல்லுவார் பார்ப்பம் எண்டு கதவுக்கு முன்னாலை கதிரையைப் போட்டு இருந்தன். உள்ளை மூச்சு வாங்கிறது கேட்டுது. ஏதோ விழுந்து, பிறகு எடுபட்டுது.

வெளியிலை வந்து என்ரை முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"பக்கிள் மெத்த மஞ்சள்."

எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. "பவுண் மஞ்சளாய் இல்லாமல் நீலமாயோ இருக்கும்?" எண்டு கத்தினன். அவர் பொல்லை ஊண்டிப் போய்ப் படுத்திட்டார். அந்தக் கிழமை விறாந்தைக்கும் வரேல்லை.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டவுடனை, ஆட்டுத்தோலையும் எடுத்துக்கொண்டு, மண்ணிற வார் பூட்டின மணிக்கூட்டோடை திருநெல்வேலிக் கடைக்குப் போனன். இந்த இரண்டு வாரையும் எடுத்துக்கொண்டு ஐயாவின்ரை மனசுக்குப் பிடிச்ச ஏதும் தாங்கோ எண்டு கேட்க. கடைக்கார அண்ணை ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்தார். பிறகு மண்ணிற வாரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"ரீச்சர், வீட்டிலை நாய் நிக்குதோ?"

"ஏன்?"

"இரண்டையும் கடிச்சுக் கிடக்கு. கடிச்சதை நான் எப்பிடி எடுக்கிறது?"

வாங்கிப் பார்த்தன். இரண்டு வாரின்ரை நுனியிலையும் பல் அடையாளம். ஒண்டுக்கு மேலை ஒண்டாய், ஆழமாய், தோல் சப்பிப் போற அளவுக்கு. நடுவிலை ஒரு பல்லின்ரை இடம் மட்டும் அடையாளமில்லாமல் விட்டுக் கிடந்தது. எங்கடை ஐயாவுக்கு மேல்வரிசையிலை முன்பல் ஒண்டு இல்லை.

சாத்தின கதவுக்குப் பின்னாலை நடந்தது அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. வலக்கையாலை பக்கிளைப் பிடிச்சால் வாரை இழுக்கக் கையில்லை. வாரின்ரை நுனியைப் பல்லாலை கவ்வி இழுத்து, ஊசியை ஓட்டைக்குள்ளை விடப் பார்த்திருக்கிறார். ஏலாமல் போக, முரடு எண்டார், மஞ்சள் எண்டார். கட்டிவிடு பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் ஓடிவந்து கட்டிவிட்டிருப்பன். சொல்லமாட்டார். அம்மா சோறு குழைச்சுத் தீத்த வந்தபோதும் கோப்பையைத் தள்ளிவிட்ட மனிசன்.

"ஓம் அண்ணை, குட்டி நாய் ஒண்டு," எண்டன். "பக்கிள் இல்லாத வார் கிடக்கோ?"

கிடந்தது. இழுத்தால் விரிஞ்சு, விட்டால் சுருங்கிற இரும்பு வார். கைக்குள்ளாலை வளையல் மாதிரிப் போடிறது. ஐயா ஆயுள் முழுக்க நக்கலடிச்ச சாமான் அது. "பஸ் கொண்டக்டர்மார் கட்டிறது" எண்டுவார். பவுண் மணிக்கூட்டிலை அதைப் பூட்டேக்கை கடைக்கார அண்ணைக்கே மனம் கேட்கேல்லை.

"வடிவில்லை, ரீச்சர்."

"பரவாயில்லை, பூட்டுங்கோ."

வீட்டை வந்து ஐயாவின்ரை கட்டிலடியிலை வைச்சன். அவர் அதைக் கண்டார், முகம் சுருங்கிச்சுது.

"என்ன கோதாரி இது?"

"வேறை ஒண்டும் இல்லை ஐயா. தடையாலை பக்கிள் வாறேல்லையாம். யாழ்ப்பாணம் முழுக்க இதுதான்."

"பக்கிளுக்குமோ தடை?"

"ஓம், பக்கிளுக்கும்."

"கண்டறியாத தடை!" எண்டு எழும்பி இருந்து திட்டத் தொடங்கினார். கன நாளைக்குப் பிறகு நல்ல சத்தமாய்த் திட்டினார். திட்டிக்கொண்டே வாரை வலக்கையாலை விரிச்சு, மடியிலை கிடந்த இடக்கையின்ரை விரலுக்குள்ளாலை மெல்ல மெல்ல இறக்கினார். பெருவிரலடியிலை ஒருக்கால் சிக்கிச்சுது. நான் கை குடுக்கேல்லை. அது மணிக்கட்டிலை போய் நிண்டுது. கதவு திறந்தபடிதான் கிடந்தது.

அண்டைக்கே படலையைத் தாண்டினார். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒழுங்கை முடக்கு மட்டும் போய், கொண்டக்டர் வாரைப் பற்றிச் சந்திச்ச ஆக்களுக்கெல்லாம் முறைப்பாடு சொல்லி, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். அம்மா கட்டில் தலைமாட்டுச் சாமிப் படத்துக்குத் திருநீறு சாத்தினா.

விடிய நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நிக்கேக்கை, ஐயா சால்வையோடை விறாந்தைக்கு வந்தார். விழுந்த நாளிலை இருந்து அவர் சேட்டுப் போட்டதில்லை. வெக்கையெண்டு சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் வெக்கையெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தம்.

"பிள்ளை."

"ஓம் ஐயா."

முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இந்தத் தடையிலை, சேட்டைப் பூட்டிற தெறியும் வாறேல்லைத்தானே?"

"இல்லை ஐயா," எண்டன். "தெறியும் வாறேல்லை."

"அப்ப தெறி இல்லாத சேட்டு ஏதும் கிடைச்சால் பார்."