பொட்டு வைத்த ஸ்கேன் மெஷின்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை அன்று காலையில், ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நடந்தது இது. என் கணவர் பாம்பனில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அன்று விடியற்காலையில் மீன் பெட்டி இறக்கும்போது வழுக்கி, முதுகு அடிபட விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கால் விரல்கள் லேசாக அசைந்தன. "உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்கம்மா. நரம்பு நசுங்கியிருந்தா இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப்போட்டா கால் வராது" என்றார் டாக்டர்.

ஆம்புலன்ஸில் போய் இறங்கினால், ஸ்கேன் சென்டர் வாசலில் வாழைக்கன்று கட்டி, உள்ளே பொரிகடலையும் சந்தனமுமாகக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. முதலாளி தன்மையான மனிதர். பணம் போட்டு நடத்துகிறவர், மருத்துவம் படித்தவர் அல்ல. "பூஜை முடியட்டும்மா, மொத ஸ்கேன் ஒங்களுக்குத்தான்" என்றார். சாமி கும்பிட்டதும் நமக்குத்தான் முதலில் என்று எனக்கும் மனசுக்குள் ஒரு ஆறுதல். சரி என்று தலையாட்டினேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் அதற்குள் என் கணவரைத் தயார் செய்தது. அரைஞாணை அறுத்தது, தாயத்தைக் கழற்றியது, உடம்புக்குள் பிளேட், கம்பி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டது. "உள்ள இருக்கது பெரிய காந்தம்க்கா. சின்ன இரும்புன்னாலும் இழுத்துரும்" என்றது.

பூஜையை வீடியோ எடுத்து விளம்பரத்துக்குப் போட ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் ஸ்கேன் அறை வாசலில் நின்று, "வெளிச்சம் பத்தலண்ணே, லைட் ஸ்டாண்டை உள்ள கொண்டு வரவா?" என்று கேட்டார். பாவம், கேட்டுவிட்டுத்தான் போனார். கதவில் இருந்த எச்சரிக்கைப் பலகையை மாலை மறைத்திருந்தது.

"தாராளமா வாங்க தம்பி. பூஜைக்காக மெஷினை நேத்தே ஆஃப் பண்ணியாச்சு" என்றார் முதலாளி.

இந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "வேணாண்ணே, வேணாம்" என்று கத்திக்கொண்டே ஓடியது. அதற்குள் கடை ஷட்டரை ஒரே இழுப்பில் இறக்கியது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். அந்த இரும்பு ஸ்டாண்டு மெஷினின் வாயில் குறுக்கே ஒட்டிக்கொண்டு நின்றது. மெஷினின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

யாருக்கும் அடி இல்லை என்று எல்லோரும் நெஞ்சில் கை வைத்தார்கள். அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்து அழுதது. "மெஷினை நிறுத்துனாலும் காந்தம் நிக்காதுக்கா. இனி சென்னையில இருந்து இன்ஜினியர் வந்துதான் எடுக்கணும். மதுரைக்குக் கொண்டு போங்க."

வழியெல்லாம் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. மாலை போட்ட வண்டிகள் மெதுவாக ஊர்ந்தன. எனக்கு எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. பரமக்குடி தாண்டும்போது என் கணவர் என்னைக் கூப்பிட்டார்.

"கால் இருக்கா புள்ள? பாத்துச் சொல்லு."

அவருடைய பெருவிரலை நான் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். "இருக்குங்க" என்றேன்.

மதுரையில் ஸ்கேனும் எடுத்தார்கள், ஆபரேஷனும் செய்தார்கள். கால் வரவில்லை. முதலிலேயே ஸ்கேன் எடுத்திருந்தால் நடந்திருப்பாரா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். இல்லை என்று சொல்லியிருந்தாலாவது தூங்கியிருப்பேன்.

போன ஆயுத பூஜைக்கு என் கணவர் சக்கர நாற்காலியைத் தட்டிக் காட்டி, "இதுக்கும் ஒரு பொட்டு வை புள்ள" என்றார். குங்குமத்தைத் தொட்ட விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வீடியோ எடுத்தவரையும் முதலாளியையும் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டேன். ஆனால் பூஜை முடியட்டும் என்றதும் சரி என்று தலையாட்டினேனே, அதற்கு யாரைத் திட்டுவது?