பூமியைக் கேட்ட பெட்டி

தீவின் கடலோரக் குடியிருப்பான மின்னி பேயில் ஃபேன் சுற்றவில்லை என்றாலும் மீட்டர் பலகையில் புகை வந்தாலும் முதல் போன் ஒச்சம்மாவுக்குத்தான் போகும். தமிழரோ வங்காளியோ தெலுங்கரோ, எல்லாருக்கும் அவள் ஒச்சம்மா தீதி, அக்கா. அவளுடைய அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். மகள் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கப் போகிறேன் என்றதும், "ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று குதித்தவர், அவள் வயர்மேன் லைசென்ஸ் வாங்கி வந்த அன்றைக்குத் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். இப்போது ஒச்சம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. அவள் ஏணியில் ஏறியதும் கீழே நின்று ஆளாளுக்கு யோசனை சொல்லும் ஆண்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. "ஏணியப் பிடிங்க, அது போதும்."

அப்பேர்ப்பட்டவளை வாயடைக்க வைத்தது சிராஜ் பாயின் புதுக் கார்.

சிராஜ் பாய் பெயின்ட், பைப்பு, ஆணி விற்கும் கடைக்காரர். கார் சென்னையிலிருந்து கப்பலில் வந்து ஹேடோவில் இறங்கியது. பெட்ரோலிலும் ஓடும், வீட்டில் பிளக்கைச் செருகிக் கரண்டு ஏற்றினால் அதிலும் ஓடும். கடைக்கும் துறைமுகத்துக்கும் போய் வரக் கரண்டு போதும். தீவின் வடகோடியில் இருக்கும் திக்லிப்பூர் வரை போக வேண்டுமென்றால் வழியில் சார்ஜுக்கு யாரை நம்புவது? அதற்குத்தான் பெட்ரோல். பாய் கணக்காகத்தான் வாங்கியிருந்தார். கரண்டில் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியபோது சத்தமே இல்லை. டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்குவது மட்டும் கேட்டது. ஒச்சம்மா அந்தக் காரை மூன்று முறை சுற்றி வந்தாள்.

"தீதி, வீட்டுல மாட்டறதுக்கு சென்னைக்காரன் பெரிய சார்ஜரா சொல்றான். இருபத்திரண்டு கிலோவாட்டாம். த்ரீ ஃபேஸ் லைன் கேட்டு வாங்கணுமாம். வாங்குனா பெருசா வாங்கணும், இல்லியா? ஆர்டர் போட்டுரவா?" என்றார் பாய்.

"கொஞ்சம் பொறுங்க பாய். கார் பொஸ்தகத்த எங்கிட்ட குடுங்க. படிச்சுட்டுச் சொல்றேன்."

புத்தகம் செங்கல் கனம் இருந்தது, அத்தனையும் ஆங்கிலம். மூன்று நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, புரியாத வார்த்தைகளை போனில் தட்டிப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். இரண்டாம் நாள் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். உலகமே சார்ஜர் என்று சொல்கிற சுவர்ப் பெட்டி சார்ஜரே இல்லை. அசல் சார்ஜர் காருக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது மூன்றேகால் கிலோவாட்டுக்கு மேல் வாங்கிக்கொள்ளாது. சென்னைக்காரன் சொன்ன பெட்டியை மாட்டுவது, எண்ணெய்ப் புட்டியை நிரப்ப அண்டாவைத் தூக்கி வருவது போலத்தான்.

அடுத்ததைப் படித்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிளக்கில் கரண்டு போகும் தடித்த ஒயர்களுக்கு நடுவே மெல்லிசாக ஓர் ஒயர் இருக்கிறது. அது கரண்டு தூக்க வரவில்லை, பேச வந்திருக்கிறது. என்னால் இவ்வளவு தர முடியும் என்று பெட்டி சொல்லும். சரி, நான் தயார் என்று கார் சொல்லும். இந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் பெட்டிக்குள் சுவிட்ச் விழும். அதுவரை பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாலும் அதில் உயிர் இருக்காது. கரண்டு என்றால் திறந்ததும் பாய்வது, தொட்டவரை அடிப்பது என்றே ஒச்சம்மா பழகியிருந்தாள். அது வாசலில் நின்று அனுமதி கேட்டு உள்ளே போகும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் பாயிடம் தீர்ப்பு சொன்னாள். "சின்னப் பெட்டி போதும் பாய். பதினாறு ஆம்பியர். இப்ப இருக்கற லைன்லயே ஓடும். இரும்புப் பெட்டி வேணாம், கடக்காத்துல ஒரே வருசத்துல துருப்புடிச்சுரும். பிளாஸ்டிக் பாடி, தண்ணி போகாத மூடி. உங்க வீட்டுல ஏசியும் கீசரும் ஓடுறப்ப கரண்டக் கொறச்சு வெச்சுக்கற மாதிரி பட்டன் இருக்கணும். அப்பறம் முக்கியமா ஒண்ணு. எர்த் இல்லன்னா கரண்டு விடாத மாடலாத்தான் வாங்கணும். அதுல மட்டும் மெயின்லேண்ட்காரன் பேச்சக் கேக்காதீங்க."

"சின்னதா?" பாயின் முகம் தொங்கிப் போனது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அவருக்கு. ஆனாலும் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவளே ஒச்சம்மாதான். அவள் பேச்சைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை. "டீக் ஹை, நீங்க சொன்னா சரி."

கடல் கொந்தளிப்பில் கப்பல் தள்ளிப் போய், பெட்டி வந்து சேர மூன்று வாரம் ஆனது. ஒச்சம்மா அதைக் கார் ஷெட் சுவரில் மட்டம் பார்த்து மாட்டினாள். சிராஜ் பாய் வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் பாலகுமாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். அவள் சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் சிவப்பு.

"அதான் அப்பவே பெருசா வாங்கலாம்னு சொன்னேன்" என்றார் பாய்.

ஒச்சம்மா குறிப்புத்தாளை விரித்தாள். சிவப்பு மூன்று முறை மின்னினால் எர்த் இல்லை என்று போட்டிருந்தது. "பொய் சொல்லுது" என்றாள். இந்த வீட்டில் எர்த் ஒயரைத் தன் கையால் இழுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பாலகுமார் சிரித்தான். "அக்கா, இது ரெண்டு நிமிச வேலை. பிளக் பாயின்ட்ல நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர் வெச்சுச் சேத்து விட்டுருங்க. பெட்டி ஏமாந்துரும். நான் எத்தன ஸ்கூட்டருக்கு அப்படிப் போட்டுருக்கேன்."

"பாத்தீங்களா தீதி? அப்படியே போட்டுருங்களேன்" என்றார் பாய்.

"வெளிய எங்கியாச்சும் நியூட்ரல் அத்துப் போச்சுன்னா காரு பாடி பூரா கரண்டு ஏறிரும் பாய். ஈரக் காலோட கதவத் தொறக்கற ஆளு என்ன ஆவறது? அந்த வேலைக்கு நான் ஆளு இல்ல." அவள் குரல் தேவைக்கு மேலேயே உயர்ந்துவிட்டது. பாலகுமார் தோளைக் குலுக்கிக்கொண்டான்.

அவள் எர்த்துக்கு இழுத்த பச்சை ஒயரின் பின்னாலேயே போனாள். மீட்டர் பலகையிலிருந்து சுவரோடு இறங்கி, சமையலறைக்குப் பின்னால் போய், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே தண்ணீர்க் குழாயில் அது முடிந்தது. இரும்புக் குழாயில் கிளாம்பு வைத்து, ஒயரைச் சுற்றி இறுக்கியிருந்தாள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகும் முடிச்சு அசையவில்லை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த நாளில் அவளை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் கோவிந்தராஜ் சொல்லிக் கொடுத்த வழி அது. பாறையைக் குடைந்து குழி தோண்டுவானேன், இரும்புக் குழாய் பூமிக்குள்தானே போகிறது, அதில் கட்டு என்பார். கட்டிவிட்டு ஒரு பல்பை வைத்துப் பார்ப்பார்கள். பல்பு எரிந்தால் எர்த் சரி.

ஒச்சம்மா குனிந்து, குழாயைக் கையால் தடவிக்கொண்டே கீழே போனாள். முழ நீளம் இரும்பு. அதற்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக்.

"பாய், இந்தக் குழாய எப்ப மாத்துனீங்க?"

"அது ஆச்சு பத்து வருசம். துரு ஏறி ஓட்ட விழுந்துருச்சு. நம்ம கடை பைப்புதான். அந்த டைம்ல மின்னி பேல எல்லா வீட்டுக்கும் நம்ம கடைலேர்ந்துதான் பிளாஸ்டிக் பைப்பு போச்சு." பாய் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஒச்சம்மா துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்டிக்கில் கரண்டு பூமிக்கு இறங்காது. பத்து வருஷமாக இந்த வீட்டுக்கு எர்த் இல்லை. ஏசி, கீசர், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலிருந்தும் வருகிற பச்சை ஒயர் ஒரு முழ இரும்பில் வந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வீடு மட்டுமா? மின்னி பேயில் அவள் கட்டிய கிளாம்புகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். குழாய் மாறியதை அவள் பார்க்காமல் இல்லை. அவள் வீட்டிலும் பிளாஸ்டிக் குழாய்தான், தண்ணீர் விடும் நாளில் அதில்தான் குடம் குடமாகப் பிடிக்கிறாள். ஒருநாளும் இது தோன்றவில்லை. நேற்று வந்த பெட்டி, ஒரு சொட்டுக் கரண்டு விடுவதற்கு முன்னால் பூமி இருக்கிறதா என்று கேட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அதை, கிளாம்பு கட்டிய அன்றைக்குப் பல்பை வைத்து, ஒரு முறை கேட்டதோடு சரி. அந்தச் சின்னப் பெட்டியின் மேல் அவளுக்கு பயம் கலந்த மரியாதை வந்தது.

அடுத்த இரண்டு நாள், ஆள் வைத்துப் பாறையைக் குடைந்தாள். புது இரும்புக் குழாயைப் பூமிக்குள் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு நிரப்பி, தண்ணீர் ஊற்றினாள். எர்த் அளக்கும் மீட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கி, அளவு சரியான பிறகே பெட்டிக்கு லைன் கொடுத்தாள். பச்சை விளக்கு வந்தது. பிளக்கைக் காரில் செருகினாள். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவை இரண்டும் பேசிக்கொண்டிருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். பிறகு பெட்டிக்குள் டக்கென்று சுவிட்ச் விழுந்தது. ஒச்சம்மாவின் கண் கலங்கியது. புகை பட்டதாக யாரும் சொல்ல முடியாது, இந்தக் கார் கரண்டில் புகையே விடாது.

பாய் அவளைத் தனியே அழைத்துப் போனார். நல்ல மனுஷர். "தீதி, நம்ம வீட்டுல சரியாயிருச்சு. இத வெளிய சொல்லிட்டுத் திரியாதீங்க. பாலகுமார் காதுல விழுந்தா ஊரு பூரா பரப்பிருவான். நாளைக்கு யாரு உங்களக் கூப்பிடுவா? சும்மா விட்டுருங்க. இத்தன வருசத்துல யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மின்னி பேயில் அவளுக்கு நிலமோ கடையோ கிடையாது. இருப்பதெல்லாம் அந்தப் பெயர்தான். அன்றைக்கு இரவு கிளாம்பு கட்டிய வீடுகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மறுநாள் காலை அவள் மீட்டரையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு அவற்றில் ஒன்றான வசந்தகுமாரி வீட்டுக்குப் போனாள்.

வசந்தகுமாரி துறைமுக ஆபீசில் கிளார்க். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் டீ போட்டாள். ஒச்சம்மா தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பியதும், "அரே தீதி, ருக்கோ, நில்லுங்க! செப்பல் போட்டுட்டுத் தொறங்க" என்று கத்தினாள்.

ஃப்ரிட்ஜுக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி, குழந்தை அளவில்.

"இது ஃப்ரிட்ஜ் செப்பல். வெறுங்காலோட தொட்டா சுர்ருங்கும். எங்க வீட்டுல எல்லாருக்கும் பழக்கம். விருந்தாளி வந்தா மொதல்ல இதத்தான் சொல்லுவோம்." அவள் சிரித்தாள். "உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேனே? கடல் ஈரம், அப்படித்தான் இருக்கும்னு நீங்கதான் சொன்னீங்க."

சொல்லியிருக்கிறாள். தான் சொன்னது ஒச்சம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. ஃப்ரிட்ஜைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், தெருவில் நின்றபடியே சொன்னாள். அந்தச் சின்னச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு குடும்பமே தினமும் செருப்பு போட்டுச் சாவைத் தள்ளி வைத்திருக்கிறது. ஒரு பிள்ளை ஒருநாள் மறந்திருந்தால்? எது இவர்களை இத்தனை வருஷம் காப்பாற்றியது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

"ஈரமில்ல வசந்தா. தப்பு எம்மேல. உங்க வீட்டுக்கு எர்த்தே இல்ல." குழாயைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

வசந்தகுமாரியின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "எம்புள்ள தொடறான் தீதி இத! டெய்லி தொடறான்! உங்கள நம்பித்தானே இருந்தோம்?" அவள் டம்ளரை வைத்த வேகத்தில் டீ மேஜையெல்லாம் சிந்தியது. ஒச்சம்மா மெயினை அணைத்துவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வசந்தகுமாரி அன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று ஒவ்வொரு கூடை மண்ணையும் பார்த்தாள்.

புது எர்த் குழாயை இறக்கி முடித்து, இரண்டாம் நாள் சாயங்காலம் ஒச்சம்மா மெயினைப் போட்டாள். மீட்டர் காட்டிய அளவை வசந்தகுமாரிக்கும் காட்டினாள். வசந்தகுமாரி நம்பியதாகத் தெரியவில்லை. ஒச்சம்மா செருப்பைக் கழற்றினாள். ஒரு செம்புத் தண்ணீரைத் தன் பாதங்களின் மேல் ஊற்றிக்கொண்டு, ஈரத் தரையில் நின்று, ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள்.

ஒன்றும் இல்லை. வெறும் தகரத்தின் குளிர்ச்சி. இத்தனை வருஷ வேலையில் அவள் எவ்வளவோ வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறாள். இந்த ஒன்றுமில்லாததைப் போல ஓர் அதிசயத்தை அவள் தொட்டதில்லை. கையை எடுக்க மனமின்றி நின்றாள்.

வசந்தகுமாரி தன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் கை வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எதிர் வீட்டுக்கும் நீங்கதானே ஒயரிங் போட்டது?"

"ஆமா."

"அந்தம்மா ரொம்பக் கோவக்காரங்க தீதி. இருங்க, நானும் வர்றேன்."