பெரியவனான பையன்களின் கணக்கு

எங்கள் ஊர் ஆண்களுக்குப் புத்தி சொல்வதைவிட எருமைக்குச் சொல்லலாம். அது தெரிந்தும் ஸனிய்யா நோய்க் கணக்கு எடுக்கும் வேலைக்குப் போனாள். அவள் புருஷன் ஆபித், நைல் கால்வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே வளர்ந்தவன். அந்தத் தண்ணீரில் இருக்கும் புழு தோல் வழியாக உள்ளே போய்விடும். சிறுநீரில் ரத்தம் போய்ப் போய், கடைசியில் சிறுநீர்ப்பையில் புற்று வந்து, நாற்பதைத் தாண்டாமல் செத்தான்.

சுகாதார நிலையத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். பாதிப் பையன்களுக்காவது நோய் இருந்தால்தான் ஊர் முழுக்க மாத்திரை. இல்லாவிட்டால் மாத்திரை வண்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

சோதனைக்குச் சிறுநீர் கேட்டால், சூனியம் வைக்கவா என்று குப்பியை அவள் மேலேயே எறிந்தார்கள். சரி, வாயால் கேட்டாவது எண்ணுவோம் என்று வாசல் வாசலாக நின்றாள்.

"உங்க பையனுக்கு ரத்தமாப் போகுதா?"

"நோயா? எங்க வீட்லயா? வாயைக் கழுவு! புருஷனை முழுங்குனவ, இப்போ எங்க பிள்ளைங்க மேல கண்ணு வைக்க வந்துட்டா!"

கணக்கு பூஜ்யத்திலேயே நின்றது. பச்சைப் பொய் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பையனுக்குச் சிறுநீர் சிவந்தால் அது நோயில்லை, அவன் ஆம்பளையாகிவிட்டான் என்று அர்த்தம். சிவக்காத பையனைத்தான் பொம்பளைப் பிள்ளை என்று கேலி செய்வார்கள். இந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸனிய்யா கேள்வியை மாற்றினாள். "பையன் பெரியவனாயிட்டானா அண்ணே?"

"அட, போன வருஷமே! சுவரெல்லாம் சிவப்பா அடிக்கிறான்ல!" மார்தட்டிச் சொன்னார்கள், டீயும் கொடுத்தார்கள். அப்படிப் பெருமையடித்த ஒவ்வொரு வீட்டுப் பையனையும் அவள் நோய்க் கணக்கில் சேர்த்தாள்.

இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் பாதி. உம்தா ஷஹாத்தாவின் வீட்டை மட்டும் பயந்துகொண்டு தாண்டிப் போயிருந்தாள். உம்தா என்றால் எங்கள் ஊருக்கே தலைவர். அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கண்டவன் பிள்ளையெல்லாம் ஆம்பளை, என் பேரனுங்க மட்டும் இல்லையா? நாலு பேரையும் சேர்த்துக்க!"

சேர்த்தாள். கணக்கு பாதியைத் தாண்டியது.

மாத்திரை வண்டி வந்து, இந்த ஊரில் பாதிப் பையன்களுக்கு நோய் என்று ஒலிபெருக்கியில் அலறியதும் ஊர் கொதித்தது. உம்தா தடியோடு அவள் வாசலுக்கு வந்தார். பின்னால் நின்ற ஆண்கள் காறித் துப்பினார்கள்.

"ஆம்பளைங்கன்னு சொன்னதை நோயாளின்னு ஆக்கிட்டியாடி?"

ஸனிய்யா கதவைச் சாத்தவில்லை. "அடிங்க. என் ஆபித்தும் ஆம்பளைதான் உம்தா. அவன் பெரியவனானப்ப நீங்கதானே எல்லாருக்கும் சர்பத் ஊத்துனீங்க? சாகுறப்ப அவன் கத்துன கத்து உங்க வீடு வரைக்கும் கேட்டுச்சே, அதுக்குள்ள மறந்துபோச்சா?"

ஓங்கிய தடி அவள் மேல் விழவில்லை. மறுநாள் அவருடைய நாலு பேரன்களும் மாத்திரை வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பார்த்து ஊரும் நின்றது.

அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் ஸலாம் சொன்னதில்லை. இத்தனை வருஷம் கழித்து இன்றும் அவள் தெருவில் போனால் ஆண்கள் துப்புகிறார்கள். துப்புகிறவர்களில் பாதிப் பேர் அந்த மாத்திரையால்தான் நாற்பதைத் தாண்டியிருக்கிறார்கள்.